உன் கையெழுத்துப் போட்ட பெட்டி

நேற்று மத்தியானம் வீட்டுக்கு ஒரு பெரிய அட்டைப் பெட்டி வந்தது. பேத்தி வரவழைத்தது. சென்னையில் காலேஜ் படிக்கிறாள், கிட்டார் வாசிக்கிறாள் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். லீவுக்கு வந்த இடத்தில் கை சும்மா இருக்காமல் ஃபோனிலேயே ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு ஆர்டர் போட்டிருக்கிறாள். அட்டையைக் கிழித்து வெளியே எடுத்ததும் கூடம் முழுக்க வாசனை பரவியது. ரெக்ஸின், பசை, வார்னிஷ், அதற்கெல்லாம் அடியில் லேசாக, சூடு பட்ட ஈயம். அந்த ஈய வாசனை மூக்கில் ஏறிய கணத்தில் நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய்.

பெட்டியின் முகப்பில் தங்க நிறத்தில் ஒரு கையெழுத்து. யாரோ வெளிநாட்டுக் கிட்டார்காரராம், உலகம் முழுக்கத் தெரிந்தவராம். பேத்தி அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, இந்த ஆளு நெஜமாவே இதுலதான் வாசிக்கிறாரா? இல்ல பேர மட்டும் குடுத்துட்டு வேற எதுலயோ வாசிக்கிறாரா? நெட்ல ஒரே சண்டை."

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் இன்னா அவரு பக்கத்து வூட்லயா குடியிருந்தேன்?" என்றேன்.

சிரித்துவிட்டு மேலே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வி இதே ஆரணியில் என்னை எப்படிப் போட்டு ஆட்டியது என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. போன ஐப்பசியில் நீ போனபோது வந்தேன், மாலை போட்டேன், உன் மனைவியிடம் இரண்டு வார்த்தை பேசினேன், திரும்பிவிட்டேன். உன்னிடம் பேச வேண்டியது அப்படியே தங்கிவிட்டது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்பதால் குறுக்கே பேசவும் மாட்டாய். அது ஒரு வசதி.

என் கடை அப்போது மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. ரேடியோ ரிப்பேர், கல்யாணத்துக்கு மைக் செட், கோயிலுக்குக் குழாய் ஸ்பீக்கர். என் அப்பா சேத்துப்பட்டுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். எங்கள் குடும்பத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் நான்தான். அதனால் எனக்கு ரோஷம் கொஞ்சம் தூக்கல். யாராவது "பாவம்" என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. யாராவது பாராட்டினாலும் அதற்குள் எங்காவது ஒரு "பாவம்" ஒளிந்திருக்கிறதா என்று தேடுவேன்.

நீ முதல் தடவை கடைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து, வெள்ளைச் சட்டையோடு, தோளில் கிட்டாரோடு வந்தாய். பகலில் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் என்றாய், சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் என்றாய். "மைக் செட்ல சொருகி வாசிச்சா ரேஷன் கடையில பேர் கூப்புடற மாதிரி கேக்குது. இதுக்கு எதனா பண்ண முடியுமா?" என்று கேட்டாய். பார்க்கிறேன் என்றேன். ரிப்பேருக்கு வந்து யாரும் எடுத்துப் போகாமல் கிடந்த ஒரு பழைய ரேடியோவைப் பிரித்தேன். அங்கே தொடங்கியது நம் பைத்தியம்.

அந்தப் பெட்டியை நாம் இரண்டு பேரும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தோம் என்று எனக்கு நினைவில்லை. நான் ஈயம் வைப்பேன், நீ கம்பியை மீட்டுவாய், "கொஞ்சம் மூக்கால பேசுது" என்பாய், நான் பிரித்து மறுபடி வைப்பேன். பலகை மாமரம். முகப்புக்கு வலைத்துணி கிடைக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த தெருவில் தறி போட்டிருந்தவர் ஜரிகை தப்பி விழுந்த ஒரு பட்டுத் துண்டைக் கொடுத்தார். அதை இழுத்துக் கட்டினோம். குங்குமச் சிவப்பில் குறுக்கே ஒரு கோணல் ஜரிகைக் கோடு. வேறு எந்த ஊரிலும் ஸ்பீக்கருக்குப் பட்டு கட்டியிருக்க மாட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாம் பெட்டிக்குக் கல்யாணமா என்று கேலி செய்தார்கள்.

ஒரே ஒரு தொல்லை, கரண்ட். நம் ஊரில் சாயங்காலமானால் அரிசி மில்லும் பம்ப் செட்டும் சேர்ந்து ஓடும். ட்யூப் லைட் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். உன் கிட்டாரும் அதோடு சேர்ந்து படுத்துக்கொண்டது. நான் டிரான்ஸ்ஃபார்மரில் கூடுதலாக ஒரு சுற்று எடுத்து ஒரு ஸ்விட்ச் வைத்தேன். கரண்ட் குறைந்தால் அதைத் தள்ள வேண்டும். பெட்டிக்கு மூச்சுத் திரும்பும். கரண்ட் ஏறினால் பழையபடி இழுத்துவிட வேண்டும். நான் அதைப் பெட்டிக்கு மேலே வைத்திருந்தேன். நீ பார்த்துவிட்டு, "வாசிக்கும்போது எனக்கு மூணாவது கை எங்கடா கீது? கீழ வையி. கால்ல தள்ளிக்கிறேன்" என்றாய். நான் அதைப் பக்கப் பலகையில் அடியோரமாக இறக்கி, காலுக்கு வாட்டமாக ஒரு மரப்பிடி போட்டுக் கொடுத்தேன்.

சர்ச் அறுவடைப் பண்டிகையில் முதல் முதலாக அதில் வாசித்தாய். கூட்டத்தில் பேச்சு நின்றது. நான் சர்ச்சுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டேன். என் கை செய்த பெட்டியில் இருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கப்புறம் ரிசப்ஷன், கோயில் திருவிழா, காலேஜ் விழா என்று உன் பேர் பரவியது. கண்ணமங்கலம், போளூர், சேத்துப்பட்டு எங்கே போனாலும் "ஆரணி டைப்பிஸ்ட் வர்றாரா?" என்று கேட்டார்கள்.

வேலூரில் பழைய பேப்பர் கடையில் நான் பொறுக்கி வந்த இங்கிலீஷ் பத்திரிகை உனக்கு நினைவிருக்கும். அதில் ஒரு வெளிநாட்டுக் கிட்டார்காரர் ஒரு பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். பெட்டியில் அவர் பேர். நீ படித்துச் சொன்னாய்: "இவரு பேர வெச்சி கம்பெனிக்காரன் விக்கிறான்டா." நான் கேட்டேன், "அப்ப இவரும் இதுலதான் வாசிப்பாரா?" நீ டீயை உறிஞ்சிவிட்டு, "எவன் கண்டான்? போட்டோவுக்கு நிக்கிறது ஒன்னு, வூட்ல வாசிக்கிறது ஒன்னா கூட இருக்கும்" என்றாய். நாம் இரண்டு பேரும் அந்தக் கிட்டார்காரரைக் கொஞ்ச நேரம் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

பிறகு எனக்குக் கெட்ட காலம் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு புதுக் கடை திறந்தார்கள். டேப் ரெக்கார்டர் எல்லாம் அங்கே போனது. என் கடையில் ஈ கூட வரவில்லை. அப்படி ஒரு நாள் நீ ஆபீஸ் விட்டு நேராக வந்தாய். ஒரு வெள்ளைத்தாளில் பெரிதாக உன் கையெழுத்தைப் போட்டு மேஜையில் வைத்தாய்.

"இத உன் பொட்டிங்க மேல எழுதி வித்துக்கோ."

"இதெல்லாம் எதுக்குடா?"

"ஏன், வெள்ளக்காரன்தான் பண்ணணுமா? நான் வாசிக்கிற பொட்டி இது. சொன்னா இன்னா தப்பு? நான் ஒன்னும் தர்மம் பண்ணலடா."

தர்மம் என்ற அந்த வார்த்தையை நீ சொல்லாமல் இருந்திருக்கலாம். நீ சொல்லும் வரை எனக்கு அது தோன்றவே இல்லை. சொன்ன பிறகு போகவே இல்லை. உன் மனசு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வழியில் சைக்கிள் பஞ்சராகி நிற்கிறவனைப் பார்த்தால் இறங்கி அவனோடு தள்ளிக்கொண்டு நடக்கிற ஆள் நீ. என் கடை காலியாகக் கிடந்ததைப் பார்த்த அன்றைக்குத்தான் உனக்கு இந்த யோசனை வந்திருக்கிறது. பெட்டி நன்றாக இருப்பதால் கையெழுத்துப் போட்டாயா, நான் நன்றாக இல்லாததால் போட்டாயா?

போர்டு எழுதுகிறவர் உன் கையெழுத்தை அப்படியே காப்பி எடுத்து, வாலை மட்டும் கொஞ்சம் நீட்டி, மஞ்சள் பெயிண்டில், முதலில் உன் பெட்டியிலேயே எழுதினார். ஆபீஸ் அட்டெண்டன்ஸில் போடுகிற அதே கையெழுத்துக்கு இவ்வளவு அழகா என்று நீயே வியந்தாய். பெட்டி போனது. சேத்துப்பட்டில் ஒரு சர்ச்சுக்கு, போளூரில் ஒரு காலேஜ் பையன்களுக்கு, கண்ணமங்கலத்தில் இசைக்குழு நடத்திய தனபாலுக்கு. ஊரில் அதற்குக் 'கையெழுத்துப் பெட்டி' என்றே பேர் ஆனது. கடை பிழைத்தது. நானும் மெல்ல அந்த வார்த்தையை மறந்துகொண்டு வந்தேன்.

அப்போதுதான் வேலூர்க் குழு உன்னைக் கூப்பிட்டது. பெரிய குழு. அதை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவருடைய மைத்துனர் சிங்கப்பூரில் இருந்து ஒரு ஆம்ப்ளிஃபயர் கொண்டு வந்து கொடுத்திருந்தார். கறுப்பு ரெக்ஸின், வெள்ளி மூலைகள், முன்னால் சிவப்பு விளக்கு. அது வந்த பிறகு குழுவுக்கு மவுசு ஏறிவிட்டது. கல்யாணம் பேச வருகிறவர்கள் பாட்டுக்காரர் யார் என்று கேட்பதற்கு முன்னால் "ஃபாரின் பொட்டி வருமா?" என்று கேட்டார்கள். நம் ஊர்ப் பட்டுக்கடை முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையை அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்களாம். வாத்தியங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது அதற்கு மட்டும் மல்லிகைச் சரம் வேறு.

அந்தப் படங்களில் ஒன்று, நீ கிட்டாரோடு அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் படம், கடைத்தெரு ஸ்டூடியோவின் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்தது. நான் பார்த்தேன். பிறகு ஸ்டூடியோ இருக்கிற பக்கம் போகாமல் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

தனபால் ஒரு நாள் கடைக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"இன்னா அண்ணே, உங்க ஆளே உங்க பொட்டியில வாசிக்கிறது இல்லியாமே? ஃபாரின்லதான் வாசிக்கிறாராம். ஊரே சொல்லிகினு கீது. கையெழுத்து எங்களுக்கு, ஃபாரின் பொட்டி அவருக்கா? நாங்க மட்டும் இளிச்சவாயனுங்களா?"

"பொட்டியில எதனா கொறையா?" என்று கேட்டேன்.

"பொட்டியில ஒன்னும் கொறையில்லீங்க. மனசுலதான் கொறை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் அதேதான். நீ அப்போதும் ஆபீஸ் விட்டு வழக்கம்போலக் கடைக்கு வந்தாய். டீ வாங்கிக் கொடுத்தாய், ஆபீஸ் கதை சொன்னாய், என் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டினாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்கலாம் என்று வாயெடுப்பேன், ஈயம் வைக்கத் திரும்பிவிடுவேன். கச்சேரிக்குக் கூப்பிட்டாய். ஒவ்வொரு தடவையும் வருகிறேன் என்பேன், கடைசி நேரத்தில் எனக்கு ஒரு வேலை வந்துவிடும்.

ராத்திரி சாப்பாட்டில் என் வீட்டுக்காரி சரோஜா கேட்பாள்: "கேட்டுத் தொலைங்களேன். வாயில இன்னா கொழுக்கட்டையா?"

அவளுக்கு எப்படிச் சொல்வது? உன்னிடம் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "உன் பொட்டியிலதான்டா வாசிக்கிறேன்" என்பாய். பொய்யாக இருந்தாலும் அதைத்தான் சொல்வாய், நான் வருத்தப்படக் கூடாது என்பதற்காக. கெட்டவனிடம் உண்மையைப் பிடுங்கிவிடலாம். உன்னைப் போன்ற ஆளிடம் இருந்து எப்படிப் பிடுங்குவது? நீ எதைச் சொன்னாலும் என்னால் நம்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டேன். புதுப் பெட்டி செய்ய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நான் செய்ததெல்லாம் ஒரு நல்ல மனசுக்காரன் தாங்கிப் பிடித்த பொம்மைகளோ என்று தோன்றும். அந்த நாட்களில் கடையை மூடிவிட்டு வேறு எதற்காவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். இது உனக்குத் தெரியாது.

சரோஜாவின் அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. ரிசப்ஷனுக்கு வேலூர்க் குழு. பெண் வீட்டுக்காரன், போகாமல் எங்கே ஒளிவது? மண்டபத்தில் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், பாதி மறைவாக ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்தேன்.

மேடை நடுவில் ஃபாரின் பெட்டி மல்லிகைச் சரத்தோடு உட்கார்ந்திருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. உன் கிட்டாரில் இருந்து கிளம்பிய வயர் நேராகப் போய் அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்தது. போதும் என்று இருந்தது எனக்கு. கண்ணால் பார்த்தாயிற்று, இனி கேட்பதற்கு ஒன்றுமில்லை. நீ வாசிக்க ஆரம்பித்தாய். டிரம்ஸ், ஆர்கன், குழந்தைகள் அழுகை, நாற்காலி இழுக்கிற சத்தம், எல்லாம் சேர்ந்து மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கர்களில் வந்தது. அதில் எது யார் சத்தம் என்று பிரித்துக் கேட்கிற மனநிலையில் நான் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நெல் விலை பேசிக்கொண்டிருந்தார்.

வெளியே இருட்டத் தொடங்கியதும் வழக்கம்போல அது நடந்தது. மில்கள் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். ஃபேன்கள் சோம்பின. ட்யூப் லைட் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடியது. மைக் செட் பேட்டரியில் ஓடியதால் பாட்டுக்காரர் குரல் மட்டும் குறையாமல் வந்தது. ஆர்கன்காரர் அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். தொழில் புத்தி, என் கண் தானாக அந்தச் சிவப்பு விளக்குக்குப் போனது. மங்கியது. இன்னும் மங்கியது. அணைந்தே போனது.

உன் கிட்டார் அதோடு நின்றிருக்க வேண்டும். களைத்த ஆள் பேசுவது போல ஒரு நொடி தணிந்தது, அவ்வளவுதான். நீ குனிந்துகூடப் பார்க்கவில்லை. பாட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே இடது காலைப் பின்னால் கொண்டு போய், திரைச்சீலைக்கு அடியில் விட்டு, எதையோ ஒரு தள்ளுத் தள்ளினாய். கிட்டார் எழுந்து நின்றது.

நானும் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஒக்காருங்க, மறைக்குது" என்று பின்னால் சுவரோரம் நின்றிருந்தவர் அதட்டினார். யார் உட்கார்ந்தது? காலால் தள்ளுகிற ஸ்விட்ச் என் பெட்டியைத் தவிர வேறு எதில் இருக்கிறது? சமையல்கட்டு வழியாகச் சுற்றி, அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, மேடைக்குப் பின்பக்கம் போனேன். திரைக்குப் பின்னால் ஒரு பழைய போர்வை மூடி ஏதோ இருந்தது. ஃபாரின் பெட்டிக்குப் பின்னால் போன வயர் அங்கே நிற்காமல், திரைக்கு அடியில் நுழைந்து இந்தப் போர்வைக்குள் போனது. தூக்கிப் பார்த்தேன். மாமரப் பலகை. சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த முகப்பில் சிவப்புப் பட்டு, குறுக்கே கோணல் ஜரிகை, உன் கையெழுத்து. அதற்கு முன்னால் ஒரு மைக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தாய். பெட்டியின் மேல் கை வைத்தேன். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது. சுட்டாலும் கையை எடுக்காமல் அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பளப் புகை என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

இடைவேளையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நீ உள்ளே வந்தாய்.

"டேய், இங்க இன்னா பண்ற? பந்திக்குப் போலியா?"

"இது இன்னாடா?"

"இன்னாவா? உன் பொட்டி. ஏன், எதனா சத்தம் மாறுதா?"

"அப்ப முன்னாடி நிக்கிறது?"

நீ சிரித்தாய். "அதுவா? அது நிக்கும். பூ வெச்சிக்கும். போட்டோவுக்குப் போஸ் குடுக்கும். கல்யாணத்துக்கு வந்த பணக்கார மாமா மாதிரி. வேல செய்யச் சொல்ல முடியுமா?"

"இந்தக் கரண்டுக்கு அது தாங்கல. அதானே?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் என் புத்தி போகவில்லை பார்.

"கரண்ட் இன்னாடா கரண்ட்? வேலூர்ல கரண்ட் நல்லாத்தான் கீது. அங்கயும் இதான். சும்மா சொல்லக் கூடாது, அதுவும் நல்ல பொட்டி. மொதல்ல அதுலதான் வாசிச்சிப் பாத்தேன். ஆனா அதுல வாசிச்சா அது வாசிக்கிற மாதிரி கீது. இதுல வாசிச்சாத்தான் நான் வாசிக்கிற மாதிரி கீது. மாஸ்டர் கிட்ட சொன்னேன். பொட்டி முன்னாடி தெரியக் கூடாது, மத்தது உன் இஷ்டம்னாரு. பின்னாடி வெச்சிகினேன்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

நீ என்னைப் பார்த்த பார்வையில் நடிப்பு இல்லை. உனக்கு நிஜமாகவே புரியவில்லை.

"உன் பொட்டி சத்தம் உனக்கே தெர்லியா? அப்பன் புள்ள கொரல சொல்லித்தான் தெரிஞ்சிக்கணுமா? நீ கேட்டுட்டு உள்ளுக்குள்ள சிரிச்சிகினு இருப்பேன்னு நான் நெனச்சிகினு இருந்தேன்."

"நான் எங்கடா உன் கச்சேரிக்கு வந்தேன்?"

அப்போதுதான் உனக்கு உறைத்தது. என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாய். "பேஜார் புடிச்சவன்டா நீ!" என்றாய். அந்த அறை இரண்டு நாள் வலித்தது. அவ்வளவு சுகமான வலியை நான் பார்த்ததில்லை.

மாஸ்டர் வந்து என்னைப் பார்த்துப் பதறிவிட்டார். "சார், வெளிய சொல்லிடாதீங்க. ஃபாரின் பொட்டின்னுதான் கூப்புடறாங்க. இது பட்டுத்துணி கட்டின பொட்டின்னு தெரிஞ்சா பொழப்பு போய்டும்" என்றார். சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

பந்தியில் சரோஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னா, மூஞ்சி இவ்ளோ தெளிவா கீது? கேட்டுட்டீங்களா?"

"ம்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"திட்டினான்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நெல் விலை பேசிய சம்பந்தியோடு நானும் உட்கார்ந்து நெல் விலை பேசினேன். எனக்கும் நெல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றைக்கு யார் என்ன பேசியிருந்தாலும் எனக்கு இனித்திருக்கும்.

அதற்குப் பிறகும் ஊர் பேசிக்கொண்டுதான் இருந்தது. மாஸ்டருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே, மறுத்துப் பேச முடியாது. தனபால் மறுபடி வந்தார். "அண்ணே, அவரே வாசிக்காத பொட்டிக்கு எதுக்கு அவரு கையெழுத்து? எங்க ஆளுங்க கிண்டல் பண்றாங்க. அழிச்சிக் குடுங்க" என்றார். நான் டர்பெண்டைனும் துணியும் எடுத்து, விசில் அடித்துக்கொண்டே துடைத்துக் கொடுத்தேன். கையெழுத்து போனால் சத்தமா போய்விடும்? அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது என்னை ஒரு மாதிரியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கோபப்பட வந்த இடத்தில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினால் மனுஷன் குழம்பத்தானே செய்வார்.

அன்றிலிருந்து என் கை ஓடியது. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும்போது மனசு அதில் மட்டும் இருந்தது. உன் வேலூர்க் கச்சேரிகளுக்கெல்லாம் வந்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்தேன். எல்லோரும் ஃபாரின் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டுவார்கள், நீ என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

நேற்று சாயங்காலம் பேத்தி இறங்கி வந்து இன்னொன்று சொன்னாள். வெளிநாட்டில் பெரிய பெரிய கச்சேரிகளில் சுவர் மாதிரி அடுக்கி வைத்திருக்கிற பெட்டிகளில் பல வெறும் கூடாம். ஸ்பீக்கரே இருக்காதாம். நிஜப் பெட்டி எங்கேயோ பின்னால் ஒரு மூலையில் மைக்கோடு உட்கார்ந்திருக்குமாம். "ஏமாத்து வேல, இல்ல தாத்தா?" என்றாள். "அப்படியெல்லாம் அவசரப்பட்டு சொல்லிடாதம்மா" என்றேன். அந்த மூலையில் இருக்கிற பெட்டியைச் செய்தவன் யாரோ, எங்கே இருக்கிறானோ, அவனுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். நீ என் பெட்டியை மேடை நடுவில் வைத்து, கையெழுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாசித்திருந்தால், நான் சாகும் வரை சந்தேகப்பட்டிருப்பேன். எனக்காகச் செய்கிறான், என் கடைக்காகச் செய்கிறான் என்றே நினைத்திருப்பேன். நீ அதைப் போர்வை போட்டு மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து வாசித்தாய். அதனால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. எனக்குத் தெரியக்கூடத் தெரியாது. உனக்கு அது வேண்டியிருந்தது, வைத்துக்கொண்டாய். என் அப்பாவின் உழவை நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் எல்லாம் வரப்பு மேலே நின்றுகொண்டு சொன்னவர்கள். என் வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல், அது நல்ல வேலை என்று எனக்குத் தெரிந்தது அந்தச் சாயங்காலம்தான்.

யாராவது என்னைப் புகழ்ந்தால் இப்போது நான் கூசுவதில்லை. திட்டினாலும் ராத்திரி தூக்கம் கெடுவதில்லை. இந்த வயதில் இவ்வளவு நிம்மதியாக ஒருவன் இருக்கிறான் என்றால் அதற்குக் காரணம் நீ. சாவு வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு நின்றபோது இதைத்தான் சொல்ல வந்தேன், வாய் வரவில்லை. அன்றைக்கு நீ என்னை எழுப்பி நிற்க வைத்தாய். நான் இன்னும் உட்காரவில்லைடா.